பனியின்மீது பழி போடாதீர்!

பனிச்சரிவு என்பது, வெயிலில் உழன்று வாழும் நமக்குத் தொலைதூரச் சொல். ஆனால் அந்தப் பனியில் புதையும் பாட்டாளி நமக்குத் தொலைவானவன் அல்லன், தோழர்களே!

2025 பிப்ரவரி 28, காலை வேளை. உத்தராகண்டத்தின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்தை அடுத்த மாணா. எல்லைச் சாலையில் பனி அகற்றும் பணிக்காகத் தங்கியிருந்த தொழிலாளர் முகாமின்மீது பனிமலை சரிந்து பாய்ந்தது. பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் இமாசலத்திலிருந்தும் கூலிக்காக ஏறிச் சென்றவர்கள் 54 பேர் சிக்கினர். படையினர் உறைபனியிலும் ஓயாது தோண்டி 46 பேரை உயிருடன் மீட்டனர்; அந்தத் தீரத்துக்கு நம் வணக்கம். 8 பேர் மாண்டனர்.

இதை இயற்கையின் சீற்றம் என்பார் உண்டு; தலைவிதி என்பாரும் உண்டு. விதியா இது? முதல்நாள் மாலையே, சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையம், சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்ததே! மாணாவோ ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரம். எச்சரிக்கை தாளில் இருந்தது. ஏழைகள் முகாமில் இருந்தனர்!

பனி திடுமெனப் பகைப்பதில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, கடுங்குளிரில் சர்க்கரை மணிகளைப்போல் ஒட்டாமல் உதிரியாகிறது. அதன்மேல் புதுப்பனி அடுக்கடுக்காய்ச் சுமையேற்றுகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலையில் அடியடுக்கு தளர்ந்தால், மேலடுக்கு பாளமாய்ப் பெயர்ந்து பாய்கிறது. பனியில் குழி வெட்டி அடுக்குகளை ஆராய்ந்தும், பனிப்பொழிவையும் காற்றையும் அளந்தும் இந்த ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடுகிறது அறிவியல். சுவிட்சர்லாந்தில் குளிர்காலம் முழுதும் நாள்தோறும் ஐந்து படிகளில் ஆபத்தை அறிவிக்கின்றனர். ஆபத்து முற்றினால் சாலையை அடைக்கின்றனர், வீடுகளைக் காலி செய்விக்கின்றனர்.

புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு, முதல் கால்மணி நேரம் கடந்தால் விரைந்து குறைகிறது. ஆகவே மீட்பினும் முன்காப்பே பெரிது.

அறிவு நம்மிடமும் உண்டு; அதற்கு ஆணையின் வலிமை வேண்டும். எச்சரிக்கை வந்ததும் முகாம் காலியாகட்டும். மலையிறங்கிய நாளுக்கும் கூலி கிடைக்கட்டும். அடுப்பெரியுமா என்று அஞ்சுகிறவன் ஆபத்துக்கு அஞ்சி வேலையை விடமாட்டான். சரிவு பாயும் பாதையில் முகாம் அமைப்பதற்குத் தடை வரட்டும்.

மாண்டபின் நிவாரணம் எழுத ஒரு பேனா போதும். மாளுமுன் மலையிலிருந்து இறக்கவே ஓர் அரசு வேண்டும். அந்த அரசுக் கடமையை ஓயாது கேட்டு வாங்குவதே நம் கடமை!