சுவர் யார் கையில்?

"விஞ்ஞானிகள் ஒன்றுகூடி ஆராய வேண்டுமா? கோடிகளைக் கொட்டுங்கள், பேர்பெற்ற கட்டடக் கலைஞரை அழையுங்கள், கண்ணாடி மாளிகை எழுப்புங்கள்!" சர்வகலாசாலை நிர்வாகங்கள் ஓதும் மந்திரம் இது. இந்த மந்திரம் பொய் என்கிறோம். சாட்சி டாலர் தேசத்திலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1943-ல், பாசிச எதிர்ப்பு யுத்தத்தின் நடுவே, ராடார் ஆராய்ச்சிக்காக அவசர அவசரமாக ஒரு மரக்கட்டடம் எழுந்தது. மூன்று மாடி. பெயர்கூடக் கிடையாது, '20-ம் எண் கட்டடம்', அவ்வளவுதான். யுத்தம் முடிந்ததும் இடித்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் 1998 வரை, 55 ஆண்டுகள் அது நின்றது. அணு விஞ்ஞானிகளும், ஒலி ஆராய்ச்சியாளர்களும், நோம் சாம்ஸ்கி போன்ற மொழியியல் அறிஞர்களும் அதே தாழ்வாரங்களில் நடமாடினார்கள்.

ரகசியம் என்ன? அது யாரும் மதிக்காத கட்டடம். ஆகவே சுவரைத் துளைக்க யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை. அணுக் கடிகார ஆராய்ச்சியில் இறங்கிய ஜெரால்ட் ஸக்காரியாஸ், உயரம் போதவில்லை என்று மாடித் தளங்களையே அகற்றினார். சுவர், வேலை செய்பவர் கையில் இருந்தது!

அதே இடத்தில் 2004-ல், ஃபிராங்க் கெரி வரைந்த ஸ்டேட்டா மையம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 30 கோடி டாலர். அதன் ஒரு கோபுரத்துக்குக் கோடீஸ்வரர் கேட்ஸின் பெயர். நடந்தது என்ன? மூன்றே ஆண்டில், 2007-ல், ஒழுக்கு, விரிசல், பூஞ்சணம் என்று கழகமே வழக்குத் தொடுத்தது! 2010-ல் சமரசமாயிற்று.

"அப்படியானால் விஞ்ஞானிகளைக் கொட்டகையில் அடைக்கச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. அந்த மரக்கட்டடம் கோடையில் வெந்தது, குளிரில் விறைத்தது, தீப்பாதுகாப்பு விதிகளுக்கும் ஒத்துவராதது. வறுமைக்குப் பொட்டு வைப்பது நமது வேலையல்ல. சுவரே வேண்டாம் என்று எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பதும் தீர்வல்ல. ரசாயனம் கையாளுபவருக்கும், அமைதியாகச் சிந்திப்பவருக்கும் கதவு வேண்டும்.

நாம் கோருவது இதுதான்: பலமான தூண்கள், நகர்த்தக்கூடிய சுவர்கள், எளிதில் பழுதுபார்க்கத்தக்க குழாய்கள், மின்கம்பிகள், எல்லாத் துறையினரும் சந்திக்கும் அகன்ற தாழ்வாரம். வரைபடம் போடுமுன் ஆராய்ச்சி மாணவரை, ஆய்வுக்கூட உதவியாளரை, துப்புரவுத் தொழிலாளியைக் கேளுங்கள். அங்கே வாழ்நாளைக் கழிப்பவர்கள் அவர்களே, வள்ளல்கள் அல்ல.

மாளிகை வள்ளலுக்குப் பெயர் தரும். விஞ்ஞானத்தைத் தருவது கூடி உழைக்கும் கைகள். சுவரின் மீதுள்ள அதிகாரத்தை அந்தக் கைகளிடம் கொடுங்கள்!