பரணில் கிடக்கும் ஆட்டப் பெட்டி



வீடியோ கேம் என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அக்கவலையில் நியாயம் உண்டு. ஆயினும், 1990களில் சிறுவர்கள் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய பெட்டி, நெய்க்காரப்பட்டியில் தங்கள் இல்லத்துப் பரணில் இன்னும் கிடக்குமாயின், அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்பெட்டிகளிற் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்களே. ‘9999 ஆட்டங்கள்’ என்று அச்சிட்டு, சில ஆட்டங்களையே திரும்பத் திரும்ப அடுக்கிய கேசட்டுகள் அன்று உலவின. ஆக்கியவருக்குக் காசும் இல்லை. வாங்கியவருக்கு உண்மையும் இல்லை.

இன்று நேரிய வழி ஒன்றுண்டு. அப்பெட்டிக்கெனவே ஆர்வலர்கள் புதிய ஆட்டங்களை எழுதுகின்றனர். 2019இல் வந்த ‘மைக்ரோ மேஜஸ்’ 40 கிலோபைட்டில் அடங்கியது, அது விலைக்குரியது. ‘த்வெய்ட்’ என்பதை ஆக்கியவரே மூல நிரலோடு இலவசமாகத் தந்துள்ளார்.

முறை எளிது. ஆட்டக் கோப்பைக் கணினியிலிருந்து மெமரி கார்டில் பதிந்து, அக்கார்டை ஏற்கும் ‘எவர்டிரைவ்’ போன்ற கேசட்டில் செருகிப் பெட்டியில் பொருத்த வேண்டும். பழைய கேசட்டின் முனைகளை எண்ணுங்கள்: 60 எனில் ஃபேமிகாம் வகை, 72 எனில் அமெரிக்க வகை. நகல் பெட்டிகள் சிலவற்றில் இது இயங்காமற்போகலாம். ஆதலின், கேசட் வாங்குமுன் பெட்டி எவ்வகை என விசாரியுங்கள். ஆட்டத்தை மட்டும் அறிய விரும்பினால், கணினியிலேயே எமுலேட்டரில் செலவின்றி ஆடிப் பார்க்கலாம்.

அப்பெட்டியின் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. அச்சிறு இடத்துள் தன் எண்ணத்தை அடக்கப் பழகும் பிள்ளை, ஆடுவதோடு நில்லாமல் ஆக்கவும் கற்கும். பிறர் உழைப்பைக் கேளாமல் எடுப்பதற்கும், தானே எழுதிப் பதிவதற்கும் உள்ள வேறுபாட்டை அப்போதே அதற்குச் சொல்லிக்கொடுங்கள்.