"பெத்தவளுக்கு இது சகஜம்" என்ற பொய்

தும்மினால் கசிகிறது, இருமினால் கசிகிறது, குடத்தைத் தூக்கினால் புடவை நனைகிறது. எண்ணூரில் ஒரு தாய் இதை வாய்விட்டுச் சொன்னால் கிடைக்கும் பதில்: "புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்மா, தானா சரியாயிடும்."

இதில் பாதி உண்மை. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்க் கசிவு இருக்கிறது. ஆனால் ரத்தசோகையும்தான் நம் கர்ப்பிணிகளிடம் சகஜம். அதற்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம், மாத்திரை கொடுக்கிறோம். கசிவுக்கு மட்டும் ஏன் ஆறுதல் வார்த்தை?

தானாகச் சரியாகிறதா? சிலருக்கு ஆகிறது. ஆனால் டென்மார்க்கில் முதல் பிரசவம் கண்ட பெண்களைப் பின்தொடர்ந்தபோது, மூன்றாம் மாதத்திலும் கசிவு நிற்காதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஐந்தாண்டு கழித்தும் அது இருந்தது.

"சிசேரியன் பண்ணிக்கிட்டா இந்தத் தொல்லை இல்ல" என்பது அடுத்த நம்பிக்கை. 2003இல் வெளியான நார்வே ஆய்வில், சுகப்பிரசவம் ஆனவர்களில் 21 சதவீதத்தினருக்குக் கசிவு. சிசேரியன் ஆனவர்களில் 15.9, பிள்ளையே பெறாதவர்களில் 10.1. கத்தி ஓரளவு குறைக்கிறது, ஒழிக்கவில்லை. கர்ப்பம் சுமப்பதே, சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்துகிறது.

யாருக்கு வரும் என்பது தலையெழுத்தும் அல்ல. கர்ப்பத்திலேயே கசிவு, கூடுதல் உடல் எடை, முதல் பிரசவத்தில் கூடிய வயது, குழந்தையின் எடை, தாய்க்கோ சகோதரிக்கோ இதே தொல்லை: இவற்றை வைத்துப் பிற்கால வாய்ப்பைக் கணிக்கும் 'யூஆர்-சாய்ஸ்' கணக்கீடு 2018இல் வெளியானது. ஸ்வீடன், பிரிட்டன், நியூசிலாந்துத் தாய்மார்களின் தரவு அதற்கு அடிப்படை. அது துல்லியமான தீர்ப்பு அல்ல. யாரிடம் முதலில் கவனம் வேண்டும் என்று காட்டுவதற்குப் போதும்.

நம் ஊரில் கர்ப்பப் பதிவுக்கான 'பிக்மி' எண் வாங்கிய கர்ப்பிணியின் வயதும் எடையும் ஏற்கெனவே பதிவில் இருக்கின்றன. மிச்சம் இரண்டு கேள்விகள்: "இருமினா கசியுதா? அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்துச்சா?" இதைக் கேட்கக் கருவி வேண்டாம், கூச்சம் விட்டால் போதும்.

கேட்ட பிறகு செய்ய வேண்டியதும் எளிது. சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவது, ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். கர்ப்பத்திலேயே தொடங்கலாம். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் இந்தப் பயிற்சியை எழுதி வைத்தது 1948இல்.

அதைவிட்டு, கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையில் எரிச்சல் வரும், தொற்றும் வரலாம். காசிமேட்டில் மீன்கூடை தூக்குகிறவளுக்கும், தொழிற்சாலையில் நின்றே ஷிப்டு முடிக்கிறவளுக்கும் இது இரட்டைத் தண்டனை.

2021இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இந்தத் தசைப் பயிற்சி தேவைப்படும், பிரசவித்த பெண்ணும் அந்த வாசலில் இருக்கிறாள். அடுத்த முறை "சகஜம்" என்று சொல்ல வாயெடுக்கும் மாமியாரும் செவிலியரும் மருத்துவரும், முதலில் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்.