சந்தாவுக்கு ரூ.6,000 கோடி, நூலகருக்கு என்ன?

‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தபோது எழுந்த கைத்தட்டல் இன்னும் ஓயவில்லை. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. மாணவர்களுக்கு இதழ்கள் கிடைப்பது நல்லதுதான். ஆனால், நம் ஆய்வாளர்கள் மக்கள் வரிப்பணத்தில் ஆய்வு செய்து, ஒரு காசும் பெறாமல் பதிப்பகங்களிடம் ஒப்படைத்த கட்டுரைகளும் அந்த இதழ்களுக்குள்தான் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே விலைகொடுத்து வாங்குகிறோம்.

இதற்கு மாற்று நெடுநாளாக இருக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்டவுடன், ஆய்வாளர் தன் கையிலுள்ள இறுதிப் பிரதியைத் தன் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால் போதும்; யாரும் காசில்லாமல் படிக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே இப்படியொரு களஞ்சியத்தைத் தொடங்கியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லும், உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014-லும் இதைக் கொள்கையாகவே அறிவித்தன. அறிவிப்பு வந்தது, அதை நடத்திவைக்க வேண்டிய நூலகரை மட்டும் எவரும் நினைக்கவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தையே பாருங்கள். காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம், படூர் என்று தனியார் கல்வி நிறுவனங்கள் நெருங்கி நிற்கின்றன. திட்டத்தின் முதல் கட்டத்தில் தனியாருக்கு இடமில்லை. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கொடுவா மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து 1997-ல் வெற்றி கண்ட நிறுவனம் அது. ஆனால், செய்யூர்ப் பக்கம் இறால் பண்ணை நடத்துபவர் வெள்ளைப்புள்ளி நோய் பற்றிய புதிய ஆய்வு ஒன்றைப் படிக்க விரும்பினால், இந்தச் சந்தாவில் அவருக்கு வழியே கிடையாது. அவர் கட்டிய வரியும் அந்த ரூ.6,000 கோடியில் சேர்ந்ததுதான்.

களஞ்சியம் இருக்கும் இடத்தில் நிலைமை வேறு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் கட்டுமான எச்சங்களைக் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 2002-ல் ஆராய்ந்தது. அதன் ஆய்வாளர்கள் எழுதியவற்றை அந்நிறுவனத்தின் களஞ்சியத்தில் இன்று எவரும் படிக்கலாம். நம் கடற்கரை மீன்வளம் பற்றிய பழைய கட்டுரைகளைக் கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் களஞ்சியம் திறந்து வைத்திருக்கிறது. இரண்டையும் பேணி வளர்த்தவர்கள் நூலகத்தார்.

இனி நான் விடாமல் சொல்லிவரும் கணக்குக்கு வருகிறேன். ரூ.6,000 கோடியை 6,300 நிறுவனங்களுக்குப் பகிர்ந்தால், ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.95 லட்சம், ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.32 லட்சம். மாதம் ரூ.60,000 ஊதியத்தில் ஒரு நூலகரை நியமித்தால் ஆண்டுச் செலவு ரூ.7.2 லட்சம். அத்தனை நிறுவனங்களுக்கும் தலா ஒருவர் என்றால் ரூ.454 கோடிக்குள் அடங்கும். சந்தாவுக்கு ஆண்டுதோறும் போகும் ரூ.2,000 கோடியில் இது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. சந்தா நின்றால் வாசலும் மூடிவிடும். நூலகர் ஏற்றிவைத்த கட்டுரை அடுத்த தலைமுறைக்கும் திறந்தே இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக எஸ்.ஆர். அரங்கநாதன் 1924-ல் பொறுப்பேற்றார். சரியாக நூறாவது ஆண்டில் எடுத்த இவ்வளவு பெரிய முடிவில் நூலகர் பணியிடத்துக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பதிப்புரிமை தடுக்கும் என்கிறார்கள். இது படிக்காதவர்கள் சொல்லும் வாதம். அச்சான வடிவத்தைத்தான் பெரும்பாலான பதிப்பகங்கள் தடுக்கின்றன. ஆசிரியரின் இறுதிப் பிரதியை, சிறிது காலக் காத்திருப்புடனாவது, அனுமதிக்கின்றன. எந்த இதழ் எதை எப்போது அனுமதிக்கிறது என்று பார்த்துச் சொல்வதே நூலகரின் தொழில். ஆய்வாளர்களே ஏற்றிக்கொள்ளட்டும் என்பது இன்னொரு சாக்கு. இருபது ஆண்டுகளாக அவர்களிடம் விட்டுப் பார்த்தாயிற்று. இன்று நூலகர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? தரவரிசைக்கும் நாக் தரச்சான்றுக்கும் படிவம் நிரப்புகிறார்கள். ஆய்வேடுகளில் எத்தனை விழுக்காடு நகல் என்று மென்பொருளில் சோதிக்கிறார்கள். படித்த நூலகரை எழுத்தராக்கிவிட்டு, களஞ்சியம் வளரவில்லையே என்று கேட்பது அநியாயம்.

கட்டாயமும் ஆளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதி செய்தது. பல்கலைக்கழக நூலகங்கள் வழியே ஏற்றப்பட்டு, ‘சோத்கங்கா’ என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. வெளிநாட்டு எடுத்துக்காட்டும் வேண்டுமென்றால், பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் 2008-ல் தன் களஞ்சியத்தைத் தொடங்கியது. அதில் ஏற்றிய கட்டுரையை மட்டுமே பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுப்போம் என்றும் அறிவித்தது. ஆய்வாளர்கள் வரிசையில் வந்தார்கள்.

இந்தச் சந்தாவின் காலம் 2027 டிசம்பரில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கக் கூடாது. பல்கலைக்கழகம் முதல் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம்வரை, அரசுப் பணம் பெறும் ஒவ்வொரு நிறுவனத்திலும் களஞ்சியத்துக்கென்றே ஒரு நூலகரை நியமிக்க வேண்டும். அவர் கையெழுத்திடாத கட்டுரைப் பட்டியல் எந்தப் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று ஆணையிட வேண்டும். ஐந்தே ஆண்டுகளில் பதிப்பகங்கள் விலையைக் குறைத்துக்கொண்டு நம்மிடம் பேச்சுவார்த்தைக்கு வரும்.