ஆறு வாரமும் ஆஸ்பத்திரிக் கட்டிலா?

பனமலைப் பக்கத்தில் நடவு வேலை செய்யும் ஒரு தோழருக்குக் காலில் முள் தைத்து, சீழ் எலும்பு வரை இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரண சிகிச்சை முடிந்து ஜுரம் தணிந்த பின்பும், எலும்பில் பதுங்கிய கிருமியை ஒழிக்க 4 முதல் 6 வாரம் நரம்பு வழியே மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்தானால் நாளைக்கு ஒரு தடவை, அரை மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் விட்டத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை, மெய். கூலி போகிறதே! துணைக்கு இருக்கும் மனைவியின் கூலியும் போகிறது. பத்தாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறவரை நாம் குறை சொல்ல முடியுமா? கிருமியும் அவரோடு திரும்புகிறது.

வீட்டிலிருந்தபடியே இந்த வைத்தியம் பெறும் முறை அமெரிக்காவில் 1974-லேயே குழந்தைகளுக்குச் செய்து காட்டப்பட்டது. "அங்கே சரி, குடிசைக்கு ஒத்துவருமா?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்பார்கள். இதே கேள்விக்குச் சென்னை என்றோ பதில் சொல்லிவிட்டது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும். வீட்டில் இடநெருக்கடியும் அரை வயிறும். 1959-ல் வெளியான முடிவு என்ன? இரு தரப்பாரும் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்தார்கள்! பிறகு அதே நிலையம் வாரம் இருமுறை நோயாளியை வரவழைத்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டும் வெற்றி கண்டது.

ஆனால் கண்ட இடத்தில் 'பாட்டில் ஏற்றும்' வியாபாரத்தை நாம் ஆதரிக்கவில்லை. கையில் செருகிய குழாய் வழியே புதுக் கிருமி நுழையலாம், ரத்தம் உறையலாம். வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆபத்தென்றால் உடனே சேர்த்துக்கொள்ளப் பெரிய ஆஸ்பத்திரி தயாராக இருக்க வேண்டும். எலும்பு நோயில் பலருக்கு மாத்திரையே போதும் என்று 2019-ல் பிரிட்டனில் 1,054 பேரிடம் நடந்த ஆராய்ச்சி காட்டியது. அப்படிப்பட்டவருக்கு ஊசியே வேண்டாம்.

2021-ல் தமிழக சர்க்கார் ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். அதுபோல, மாத்திரை உதவாதவருக்கு இந்த அரை மணி நேர மருந்தையும் ஊருக்கு அருகே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்ற வேண்டுமென்று கோருகிறோம். ஞாயிற்றுக்கிழமையும் ஏற்ற வேண்டும். கிருமிக்கு வார விடுமுறை கிடையாது. இதற்கென்று தனியாக, நிரந்தரச் சம்பளத்தில் நர்ஸ்களை நியமிக்க வேண்டும். இருக்கிற நர்ஸின் தலையிலேயே இந்தச் சுமையையும் ஏற்றுவதற்கு நாம் உடன்படமாட்டோம்.