எறும்பு சொல்வதற்குள்

ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் சீனி வந்துவிட்டது என்று அர்த்தம். சங்கரன்கோவில் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சொல்வதில் பிழை இல்லை. பழைய மருத்துவ நூல்கள் இந்த நோய்க்கு மதுமேகம் என்று பெயர் வைத்ததும் சிறுநீரின் இனிப்பைக் கண்டுதான். ஆனால் எறும்பு வருவது ரொம்பத் தாமதமாக.

சிறுநீரகம் சர்க்கரையை லேசில் வெளியே விடாது. ரத்தத்தில் சர்க்கரை 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கத் தொடங்கும். வெறும் வயிற்றில் 126 இருந்தாலே மருத்துவக் கணக்கில் அது நோய். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பலர் ஆண்டுக்கணக்கில், ஒரு குறையும் தெரியாமல் கடக்கிறார்கள். இறங்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால் இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. போன தண்ணீருக்கு ஈடாகத் தாகம். தின்றது உடம்பில் ஒட்டாததால் மெலிவு. சுவரொட்டிகளில் ‘ஆரம்ப அறிகுறிகள்’ என்று நாம் வாசிக்கிற மூன்றும் இந்த ஒரே கசிவின் விளைவுகள். குளம் மறுகால் பாய்வதைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 20 ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, புதிதாக நோய் கண்டவர்களையே தொடர்ந்து கவனித்தது. நோய் தெரியவந்த நாளிலேயே, இன்சுலின் சுரக்கும் திறன் அவர்களுக்கு ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு; இன்னும் 13 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இதே ஆய்வு வரிசையில் 2017-இல் வந்த, 15 மாநிலங்களைப் பற்றிய அறிக்கை சொன்ன செய்திதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: நோய் இருந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கு, பரிசோதனை செய்த அன்றுவரை அது தெரியாது.

ஆனால் அந்தப் பாதிப்பேரின் உடம்பும் முற்றிலும் ஊமையாக இருந்திருக்காது. சொல்லியிருக்கும், சொன்ன இடம்தான் வேறு.

முதல் இடம் மருந்துக்கடை. பிறப்புறுப்பில் தீராத அரிப்பு, தொடை இடுக்கில் திரும்பத் திரும்ப வரும் படை. ஆணோ பெண்ணோ இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கடையில் ‘அரிப்புக்கு ஒரு கிரீம்’ என்று தணிந்த குரலில் கேட்டு வாங்கிப் போகிறார்கள். கிரீமில் அடங்கும், மாதம் கழித்து மறுபடி வரும். சர்க்கரை கூடிய உடம்பில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம் என்பதைக் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை. அடுத்த இடம் கண்ணாடிக் கடை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் உப்பி வடிவம் மாறும், பார்வை மங்கும். ஆறு மாதத்தில் இரண்டு தடவை பவர் மாறியவர் வயதைக் குறை சொல்லிக்கொள்கிறார். கண்புரை அறுவைக்கு கேம்ப் போன இடத்தில், ‘சுகர் 280 இருக்கு, குறைச்சுட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பிறகே தனக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர்.

மூன்றாவது இடத்தைப் பற்றித் தயக்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணுக்குத் தோல் நோய் தீரும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கு இல்லை. நெற்றியில் இட்டுக்கொள்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் மூன்று வாரமாக ஆறாத புண்ணோடு ஒருவர் மண் தேடி வருகிறார் என்றால், அந்தப் புண்ணே ஓர் அறிகுறி. திறந்த புண்ணில் மண் படுவது எந்த மண்ணானாலும் ஆபத்து. வேண்டுதல் வேண்டுதலாக இருக்கட்டும், அதே நாளில் விரலில் ஒரு துளி ரத்தமும் எடுத்துப் பார்த்துவிடலாம்.

அதே கோயிலின் ஆடித்தபசு விழாச் சமயத்தில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையாகிறது. ஆடிச்சுற்று என்று 101, 108 முறை கோயிலைச் சுற்றுகிறார்கள், வெறுங்காலோடு. நல்ல காலுக்குக் கொப்புளம் வந்தால் வலிக்கும், உட்கார்ந்துவிடுவோம். சர்க்கரையால் நரம்பு மரத்த காலுக்கு வலிக்காது. சுற்று முடிந்து, வீட்டில் படுக்கை விரிப்பில் ஈரக்கறை கண்ட பிறகே புண் தெரியும். பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது ஆகியவற்றை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம்.

அப்படியானால் உண்மையிலேயே முந்திக்கொண்டு தெரிவது எது? அதைத் தையல்காரரின் இஞ்சி டேப் சொல்லும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். பேண்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நம்மவர்கள் பேண்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறவர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைப் பிடிக்க வேண்டும். கைகால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பதுதான் நம் ஊர் உடல்வாகு, அதனால் ‘நான் ஒல்லிதானே’ என்ற சமாதானம் செல்லாது. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பது இன்னொரு தடயம். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்க மறுப்பதன் அடையாளம் அது. பிள்ளைகளின் கழுத்தை அழுக்கு என்று நினைத்து நாரால் தேய்க்கிற தாய்மார் கொஞ்சம் நிதானிக்கலாம்.

சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ரத்தமே தேவையில்லை. வயது, இடுப்பு, உழைப்பு, பெற்றோர் என்று நாலே கேள்வி. 60-ஐத் தொட்டால் பரிசோதனை கட்டாயம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தறி முதலாளியை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 30, உடற்பயிற்சி இல்லாமல் உட்கார்ந்தே கணக்குப் பார்ப்பதற்கு 30, இடுப்பு 95 என்றால் 10, அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் இன்னொரு 10. மொத்தம் 80. எறும்புக்காகக் காத்திருக்க இதில் என்ன மிச்சம் இருக்கிறது?

பெண்களுக்கு இன்னும் முன்னதாகவே ஓர் எச்சரிக்கை வந்துவிடுகிறது, பிரசவக் கார்டில். கர்ப்ப காலத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு 140-ஐத் தொட்டிருந்தால், பிள்ளை பெற்றதோடு அது முடிந்துபோவதில்லை. பிற்காலத்தில் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று 2009-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்க்கு யார் மறுபடி சர்க்கரை பார்க்கிறார்கள்?

ஒரு விலக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளை திடீரென்று மெலிந்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கினால் அது முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சும் சேர்ந்தால் நாள் பார்க்காமல், அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வீட்டு வாசலுக்கே வந்து பரிசோதிக்கிறது, மாத்திரையும் தருகிறது. நல்ல திட்டம். அது தொடங்குவதற்கு முன், 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது என்பதை நினைத்தால் அதன் அருமை தெரியும். ஆனால் தன்னார்வலர் கதவைத் தட்டும் பகல் பொழுதில் சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர் வீட்டில் இருப்பதில்லை. நைட் ஷிப்டு என்றால் தூங்கிக்கொண்டிருப்பார். திட்டம் தொழிலிடங்களுக்கும் விரிந்திருக்கிறது என்றாலும், பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல் பத்துத் தறி ஓடும் சின்னக் கொட்டகைக்குள்ளும் அது நுழைய வேண்டும்.

ஷிப்டு மாறும் நேரம் இதற்குப் பொருத்தமானது. போகிறவரும் வருகிறவரும் ஐந்து நிமிடம் ஒன்றாக நிற்பார்கள். டேப்புக்கு ஒரு நிமிடம், குளுக்கோமீட்டருக்குச் சில விநாடி. எண் கூடுதலாக வந்தவரை மட்டும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும். தறியை நிறுத்தக்கூட வேண்டியதில்லை.