தாதிமார் ஏன் போய்விடுகிறார்கள்?

வைத்தியசாலையில் ஒரு தாதியைத் தாக்கிவிட்டார்கள் என்று ஊரில் செய்தி பரவினால் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "அவ என்ன செஞ்சாவாம்?" என்பதுதான். வங்கியில் காசாளரை ஒருவர் அறைந்தால் அப்படிக் கேட்பதில்லை. பஸ் நடத்துநரை அடித்தால்கூட இரண்டு பேராவது விலக்கிவிடப் போவார்கள். தாதி என்றால் மட்டும் அந்த அடிக்குப் பின்னால் ஏதோ ஒரு நியாயம் இருக்கத்தான் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறோம். "அவங்களுக்கு வாய் கூட", "கூப்பிட்டா திரும்பியும் பார்க்கமாட்டாங்க" என்று ஆளுக்கொரு அனுபவம் வைத்திருக்கிறோம். அந்த அனுபவங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவற்றைக் கொண்டு எதை நியாயப்படுத்துகிறோம் என்பதே என் கேள்வி.

இது எங்கள் நாட்டில் மட்டும் நடக்கும் விடயமல்ல. உலகில் சுகாதாரத் துறையில் பணியாற்றுவோரில் 8 முதல் 38 வீதமானவர்கள் தம் பணிக்காலத்தில் ஒரு முறையாவது உடல் ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஏச்சும் மிரட்டலும் அந்தக் கணக்கில் இல்லை. 2019ஆம் ஆண்டில் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் வேலைத்தள வன்முறை பற்றிய 190ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அதனுடன் வெளியிட்ட பரிந்துரையில், வன்முறைக்கு அதிகம் முகங்கொடுக்கும் வேலைகளாக இரவு வேலையையும் சுகாதாரத் துறையையும் பெயர் குறிப்பிட்டே சொன்னது. தாதிக்கு இந்த இரண்டும் ஒரே வேலை. உலகின் தாதியரில் பத்தில் ஒன்பது பேர் அளவில் பெண்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது யாருடைய பிரச்சினை என்று விளங்கும்.

அடி ஏன் தாதியின் மேல் விழுகிறது? அந்த இடத்தில் நிற்பவர் அவர்தான் என்பதே காரணம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மருந்தை இல்லாமல் ஆக்கியது தாதியல்ல. ஆனால் "வெளியில வாங்கிட்டு வாங்க" என்று துண்டை நீட்டியது அவருடைய கை. இரத்தப் பரிசோதனை முடிவு தாமதித்தாலும், ஸ்கேன் இயந்திரம் பழுதாகிக் கிடந்தாலும், டொக்டர் வேறொரு நோயாளியிடம் நின்றாலும், "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லும் வாய் அவருடையது. அமைச்சின் மேல் உள்ள கோபத்தை அமைச்சில் போய்க் காட்ட முடியாது. கட்டிலருகே வெள்ளைச் சீருடையோடு நிற்பவரிடம் காட்டலாம்.

என் சாச்சி அரச வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தர். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்தவர். ஓர் இரவு மோட்டார் சைக்கிள் விபத்தில் அகப்பட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கூடவே பதினைந்து இருபது பேர். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு சிறுவனை டொக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். விபத்தில் வந்தவருக்குக் கால் முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை. சாச்சி அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே கூட வந்த இளைஞன் ஒருவன் மருந்துத் தட்டைத் தூக்கி அடித்தான். அவர் தோளில் பட்டது. இரண்டு கிழமைக்குக் கை தூக்க முடியவில்லை.

அந்தக் காயத்தைவிட, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும். அடுத்த நாள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு நான்கு பெரியவர்கள் வந்தார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள், மரியாதைக்குரியவர்கள். கையில் பிஸ்கட் பெட்டியும் பழப் பையும். "சின்னப் பொடியன், ஆத்திரத்துல செஞ்சிட்டான். கட்டாருக்குப் போக இருக்கான். பொலிஸில கேஸ் கிடந்தா போகேலாது. நீங்கதான் பெரிய மனசு வைக்கணும்" என்றார்கள். மூத்தம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். சாச்சி முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார். வைத்தியசாலை நிர்வாகமும் பெருமூச்சு விட்டிருக்கும். இளைஞன் கட்டாருக்குப் போனான்.

சாச்சி இன்னும் தாதியாகத்தான் இருக்கிறார். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் இல்லை. ஆறு மாதத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கிளினிக் பக்கம் போய்விட்டார். காலையில் போய்ப் பகலில் வந்துவிடலாம், இரவுக் கடமை இல்லை. வேலையை விட்டுப் போனவர்களின் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வராது. ஆனால் நள்ளிரவில் நெஞ்சு வலியோடு வரும் ஒருவருக்கு, முகத்தைப் பார்த்தே நிலைமையைக் கணிக்கும் ஒன்பது வருட அனுபவம் அந்த அறையில் இல்லை. அந்த இடத்தில் இப்போது நிற்பவர் சென்ற வருடம் பயிற்சி முடித்த பிள்ளை.

தாதிமார் போவது பெரும்பாலும் இப்படித்தான். அடி வாங்கிய மறுநாள் யாரும் இராஜினாமாக் கடிதம் எழுதுவதில்லை. முதலில் பிரிவை மாற்றிக் கேட்பார்கள், பிறகு ஊரை மாற்றிக் கேட்பார்கள், பிறகு நாட்டை மாற்றுவார்கள். 2022இல் அரசாங்கம் தன் ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாட்டில் வேலை செய்ய வழி திறந்தது. பொருளாதார நெருக்கடி தள்ளியது என்பது உண்மை. சம்பளம் மட்டுமே காரணம் என்று சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை. சாச்சியோடு வேலை செய்த இருவர் இப்போது வளைகுடாவில் இருக்கிறார்கள். காசைப் பற்றிச் சொல்வதைவிட, "இங்க வார்ட் வாசல்ல செகியூரிட்டி நிக்கிறான், ஒருத்தனும் உள்ள வந்து கத்தேலா" என்பதைத்தான் அவர்கள் போனில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களாம்.

ஒருவர் போனால் அவருடைய கடமை மிஞ்சியிருப்பவர்களின் தலையில் ஏறும். இருவர் பார்த்த வார்டை ஒருவர் பார்ப்பார். சேலைன் மாற்றத் தாமதமாகும், கூப்பிட்டால் வரத் தாமதமாகும், களைத்த குரலில் பதில் வரும். "வாய் கூட" என்று நாம் சொல்வதில் பாதி அந்தக் களைப்புத்தான். அதைக் கண்டு இன்னொருவருக்கு ஆத்திரம் வரும்.

நோயாளிகளின் பக்கத்திலும் ஒரு நியாயமான குறை இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு மூதாட்டி, சிங்களம் மட்டும் பேசும் விடுதியில் படுத்திருக்கும்போது, தனக்கு என்ன ஊசி போடுகிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரிவதில்லை. விளங்காத இடத்தில் பயம் வரும், பயந்தவர்கள் சத்தம் போடுவார்கள். இதைத் தீர்க்கத் தமிழ் பேசும் தாதியர் இன்னும் அதிகமாக வேண்டும். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? எங்கள் வகுப்பறைகளிலிருந்துதான் வர வேண்டும். பெண் நோயாளியைப் பெண்தான் தொட வேண்டும், பிரசவ அறையில் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் நாங்கள். மீலாத் மேடைகளில் ருபைதா அல்அஸ்லமிய்யாவைப் பற்றிப் பேசுகிறோம். அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஃத் இப்னு முஆத் அவருடைய கூடாரத்தில்தான் பராமரிக்கப்பட்டார் என்று பெருமையோடு சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற அதே பிள்ளை தாதியாகப் போகிறேன் என்றால், "வேற ஒண்டும் கிடைக்கல்லையா?" என்று கேட்கிறோம்.

பெற்றோரின் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2025 மார்ச்சில் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில் ஒரு பெண் வைத்தியருக்கு நேர்ந்த கொடுமையை நாடே அறியும். அது நடந்தது வைத்தியசாலைக்குள் இருந்த அவருடைய தங்குமிடத்தில். அந்தக் கிழமை எங்கள் வீட்டிலும் சாச்சியை வேலையை விடச் சொன்னார்கள். பிள்ளையைப் பொத்தி வைப்பது வாப்பாவின் கடமைதான். ஆனால் பொத்தி வைக்க வீடு மட்டும்தான் உண்டு என்று முடிவு கட்டினால், உம்மாவுக்கு நோய் வரும் நாளில் வார்டில் யார் நிற்பார் என்பதையும் அந்த வாப்பாவே சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டியவை பெரிய விடயங்களல்ல. தாக்குதல் நடந்தால் பொலிஸில் முறைப்பாட்டாளராக நிற்க வேண்டியது வைத்தியசாலை நிர்வாகம், தாதியல்ல. அப்போது பிஸ்கட் பெட்டியோடு யார் வீட்டுக்கும் போக முடியாது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒரு நோயாளிக்கு ஒருவர் என்ற கட்டுப்பாடு வேண்டும். வெளியில் நிற்கும் உறவினருக்கு அவர்கள் மொழியில் நிலைமையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். விடுதியிலிருந்து தங்குமிடத்துக்குப் போகும் பாதையில் எரிகிற மின்குமிழ் வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் ஒன்று கேட்கிறேன். சமாதானம் பேச வருவதென்றால், அடித்தவனையும் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்கு வாருங்கள், அடிபட்டவரின் வீட்டுக்கு வராதீர்கள்.

எங்கள் உயிரியல் வகுப்பில் மூன்று தோழிகள் தாதியர் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தியின் வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. மற்ற இருவரின் வாப்பாமாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இரவுக் கடமையில் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்குத் தோழிகளால் பதில் சொல்ல முடியாது. சுகாதார அமைச்சுத்தான் சொல்ல வேண்டும், அதுவும் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னர்.